தட்பம், வெப்பம், பொறுத்தல்

உடலுக்கு நேரும் துன்பத்தைப் பொறுத்துக்கொள்வதை உயர்ந்த பண்பாகப் போற்றும் சமயங்கள், அத்துன்பத்துக்கு மருந்து செய்துகொள்வதை எவ்வாறு மதிப்பிடுகின்றன என்பது இந்தியச் சிந்தனை மரபில் மிகப் பழைய கேள்வியாகும். தீராத நோயையும் மரணத்தையும் முன்வைத்தே இக்கேள்வி பெரிதும் ஆராயப்பட்டு வந்திருக்கிறது. எனினும், விளையாட்டில் ஏற்படும் சுளுக்கு, தசைப்பிடிப்பு, ரத்தக்கட்டு போன்ற சிறு காயங்களை வைத்து அதை ஆராய்வதில் ஒரு தனிப் பயன் உண்டு. கடும் நோயில் மருந்தைத் தவிர்ப்பது உயிரிழப்பில் முடியக்கூடும் என்பதால், உயிரைக் காக்கும் கடமை மற்ற எல்லா வாதங்களையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சிறு சுளுக்கோ, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாலும் சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும். ஆகவே பனிக்கட்டி வைப்பதற்கும் ஒற்றடம் கொடுப்பதற்கும் எஞ்சி நிற்கும் முதன்மையான காரணம் வலி ஒன்றே. வலியைத் தணிப்பது மட்டுமே நோக்கமாக உள்ள ஒரு செயல் அறத்தின் கண்ணில் எத்தகையது என்ற கேள்வி இங்கேதான் கலப்பின்றிக் கிடைக்கிறது.

கபடியில் பாடிச் செல்பவர் பிடியிலிருந்து திமிறித் திரும்பும்போதோ, கைப்பந்தில் வலையருகே எம்பிக் குதித்தவர் மற்றொருவர் பாதத்தின்மேல் வந்து இறங்கும்போதோ, பாதம் உட்புறமாகப் புரண்டு, கணுக்காலின் வெளிப்பக்கத்தில் எலும்போடு எலும்பைப் பிணைத்து நிற்கும் தசைநார் அளவுக்கு மீறி இழுபடுகிறது. அந்நாரின் இழைகளில் சில அறுந்து, அவற்றை ஒட்டிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்து, அருகிலுள்ள குழாய்களின் சுவர்கள் இளகி நீரும் வெள்ளணுக்களும் திசுவுக்குள் இறங்க, சிறிது நேரத்தில் கணுக்காலில் புடைத்து நிற்கும் எலும்பே தெரியாத அளவுக்கு அவ்விடம் வீங்கிவிடுகிறது. மருத்துவர்கள் அழற்சி என்று குறிப்பிடும் இந்நிகழ்வின் நான்கு அடையாளங்களைச் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி எனக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் தம் மருத்துவ நூலில் எழுதிவைத்தார். பார்ப்பவர் கண்ணுக்கு இந்நான்கும் கேடுகளாகவே தோன்றுகின்றன. சூடாக இருப்பதைக் குளிர்விக்க வேண்டும், வீங்கியிருப்பதை வடியச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் யாரும் கற்பிக்காமலேயே எழுகிறது.

பனிக்கட்டி செய்யும் வேலை எளிதில் விளங்கக்கூடியது. குளிர்ச்சி தோலை ஒட்டிய ரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு, வலிச் செய்தியைக் கொண்டு செல்லும் நரம்புகளின் வேகத்தையும் குறைக்கிறது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை வீக்கத்தின்மேல் வைத்தவர் முதலில் சில்லிப்பையும், பின்னர் எரிச்சலையும், அதன்பின் எலும்புக்குள் குடைவது போன்ற ஒரு வலியையும் உணர்ந்து, ஏறத்தாழ பத்து நிமிடங்களில் அவ்விடம் மரத்துப்போன நிலையை அடைகிறார். வலி தணிவதற்காகவே இன்னொரு வலியைக் கடக்க வேண்டியிருப்பது இச்சிகிச்சையின் விந்தை. ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடங்களுக்கு மேல் வைக்கலாகாது என்பதும், இடையில் ஒன்றிரண்டு மணி நேரம் விடவேண்டும் என்பதும் பொதுவான விதிகள். உருகும் பனிக்கட்டி 0 டிகிரி செல்சியஸில் நிற்க, ஃப்ரீசரிலிருந்து அப்போதே எடுத்த ஜெல் பை அதனினும் பல டிகிரி குளிர்ந்திருக்கும் என்பதால், அதை வெறுந்தோலில் வைத்தால் தீப்பட்டது போலவே தோல் புண்ணாகிவிடும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனெனில் எடுத்துவிடச் சொல்லும் எரிச்சல் அவருக்குத் தெரிவதில்லை.

வெப்பம் இதற்கு மாறாக ரத்தக் குழாய்களை விரித்து, இறுகிய தசையைத் தளர்த்தி, விறைத்த மூட்டை அசைக்க வசதி செய்கிறது. உப்பையோ தவிட்டையோ மணலையோ இரும்புச் சட்டியில் வறுத்துத் துணியில் முடிந்து, புறங்கையில் தொட்டுச் சூடு பார்த்த பின் வலிக்கும் இடத்தில் ஒற்றி ஒற்றி எடுக்கும் முறை தமிழ் வீடுகளில் இன்னும் வழக்கொழியவில்லை; நொச்சி இலையை வதக்கிக் கட்டுவதும், ரத்தக்கட்டுக்குச் சித்த மருத்துவர்கள் மூசாம்பரப் பற்றுப் போடுவதும் அதே மரபைச் சேர்ந்தவை. பழைய பிடிப்புக்கும் முதுகுவலிக்கும் இதமான ஒற்றடம், புதிதாகப் பட்ட சுளுக்குக்கு முதல் 48 மணி நேரத்தில் கொடுக்கப்பட்டால் கசிவையும் வீக்கத்தையும் மிகுவித்துவிடும். எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பதாகச் சொல்லி, அன்று பட்ட வீக்கத்தின்மேல் கட்டைவிரலை ஊன்றித் தேய்ப்பவர்கள் நார் இழைகளை மேலும் கிழிக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

அழற்சி என்பது கேடா, உடல் தனக்குத் தானே செய்துகொள்ளும் பழுதுபார்ப்பா என்ற ஐயத்தை ஐரோப்பிய மருத்துவத்தில் அழுத்தமாக எழுப்பியவர் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் ஆவார். 1793இல் அவர் இறந்தபின் அடுத்த ஆண்டில் வெளிவந்த நூலில், அழற்சியைத் தனியொரு நோயாகக் கருதாமல், காயத்துக்கு எதிராக உடல் மேற்கொள்ளும் நன்மை பயக்கும் செயலாகக் கொள்ளவேண்டும் என்று அவர் வாதிட்டார். அக்கருத்து விளையாட்டு மருத்துவத்துக்கு வந்து சேரக் காலம் பிடித்தது. அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978இல் வெளியிட்ட நூல், ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஒரு வாய்பாடாக்கி உலகெங்கும் பரப்பியது. பள்ளி விளையாட்டு ஆசிரியர் முதல் தேசிய அணியின் பயிற்சியாளர் வரை அதை மனப்பாடமாகவே சொல்லிவந்தனர். அதே மிர்கின் 2014இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் பரிந்துரையைத் தாமே திருத்திக்கொண்டார். காயத்துக்கு விரையும் வெள்ளணுக்களில் ஒரு வகை, சிதைந்த திசுவை விழுங்கி அகற்றுவதோடு, புதிய திசு வளர்வதைத் தூண்டும் பொருளையும் சுரக்கிறது. ரத்தக் குழாய்களைச் சுருக்கினால் அவற்றின் வரவும் குறையும் என்பதே அவருடைய காரணம். 2019இல் கனடாவைச் சேர்ந்த இரு ஆய்வாளர்கள் முன்வைத்த புதிய வாய்பாட்டில் பனிக்கட்டிக்கு இடமே இல்லை. பனிக்கட்டி வலியைக் குறைக்கிறது என்பதில் இன்றும் பெரிய கருத்து வேறுபாடில்லை. காயத்தை விரைவில் ஆற்றுகிறது என்பதற்குத்தான் மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை.

வலியைத் தணித்தல் வேறு, காயத்தை ஆற்றுதல் வேறு என்ற இப்பிரிவினை தெளிவானவுடன், பொறுத்தலைப் பற்றிய பழைய வாதங்கள் புதிய பொருத்தம் பெறுகின்றன. பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் கண்ணன் தட்பத்தையும் வெப்பத்தையும் இன்பத்தோடும் துன்பத்தோடும் ஒருசேர வைத்து, புலன்கள் பொருள்களைத் தொடுவதால் தோன்றி மறையும் அவற்றைப் பொறுக்கவேண்டும் என்று அருச்சுனனுக்கு அறிவுறுத்துகிறான். பொறுக்கும் அந்த ஆற்றல் திதிட்சை எனப்படும். அத்வைத வேதாந்தம், மெய்யறிவை நாடுபவருக்கு இன்றியமையாத ஆறு பண்புகளில் ஒன்றாக அதை வைக்கிறது. சங்கரர் பெயரால் வழங்கும் விவேகசூடாமணி அதற்கு வகுக்கும் இலக்கணம் மிகக் கடுமையானது: கவலையும் புலம்பலும் இல்லாதிருந்தால் மட்டும் போதாது, துன்பத்துக்கு மாற்றுத் தேடாமலும் இருக்கவேண்டும். இந்த இலக்கணத்தை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால், கணுக்காலில் பனிக்கட்டி வைப்பவர் திதிட்சை இல்லாதவர் என்றே முடியும்.

மாற்றுத் தேடாமையைக் கூறிய வேதாந்தியும், பனிக்கட்டியைக் கைவிட்ட மருத்துவரும் ஒரே உண்மையைக் கண்டவர்கள் என்று சொல்லிவிடும் ஆசை இவ்விடத்தில் எழக்கூடும். மேடைச் சொற்பொழிவுகளில் இத்தகைய ஒப்பீடுகளுக்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அது வெறும் தோற்ற ஒற்றுமையாகும். மருத்துவர் பனிக்கட்டியை விலக்கச் சொல்வது கணுக்கால் விரைவில் குணமாகவேண்டும் என்பதற்காக. வேதாந்தியோ கணுக்கால் குணமாவதையும் ஆகாததையும் ஒன்றாகப் பார்க்கும் மனநிலையை வேண்டுகிறார். மருத்துவ ஆய்வு நாளை மாறிப் பனிக்கட்டியே நல்லது என்று நிறுவப்பட்டாலும், வேதாந்தியின் இலக்கணம் அதனால் ஓர் எழுத்தளவும் அசையப்போவதில்லை. மேலும், அவ்விலக்கணம் வீட்டையும் பொருளையும் துறந்து விடுதலையை நாடும் சாதகருக்காக வகுக்கப்பட்டது. கீதையிலும் கண்ணன் பேசுவது போர்க்களத்தில் வில்லை நழுவவிட்டவனிடமே அன்றி, காலில் அடிபட்டுக் கிடப்பவனிடம் அல்ல.

துறவிக்கு ஓர் அளவு, இல்லறத்தாருக்கு வேறோர் அளவு என்னும் பாகுபாட்டைத் திருக்குறளின் அமைப்பே காட்டுகிறது. தமக்கு வந்த துன்பத்தைத் தாங்குவதும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாமையும் தவத்தின் வடிவம் என்று கூறும் 27ஆம் அதிகாரம் துறவறவியலில் நிற்க, நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து மருத்துவம் செய்யவேண்டும் என்று கூறும் 95ஆம் அதிகாரம் பொருட்பாலில் அமைந்திருக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர் என மருத்துவத்தை நான்கு கூறுகளாக அந்த அதிகாரமே பிரிக்கிறது. நான்காமவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாகக் கொண்டது, இரவில் விழித்திருந்து துணி முடிச்சைச் சூடாக்கிக் கொடுப்பவருக்கும் உரிய மதிப்பாகும்.

சமணம் இவ்வகையில் மிகவும் கண்டிப்பானது. துறவி சலிக்காமல் தாங்கவேண்டிய இடர்களாக அம்மரபு எண்ணும் 22 பரீஷகங்களில் தட்பமும் வெப்பமும் தனித்தனியே இடம்பெறுகின்றன. நோயும் அவற்றுள் ஒன்று. சமணத்தில் தருமசேனர் என்னும் பெயரோடு விளங்கிய திருநாவுக்கரசர், சூலை நோயால் வருந்தித் தமக்கை திலகவதியாரிடம் திரும்பி, திருவதிகை வீரட்டானத்தில் பதிகம் பாடி நோய் நீங்கப்பெற்றார் என்று சைவ மரபு கூறுகிறது. சமண மந்திரங்கள் பலிக்காமல் போனதையும் இறையருள் பலித்ததையும் முன்னிறுத்தியே இந்நிகழ்ச்சி வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதைவிடக் கருதத்தக்க செய்தி வேறொன்று: வலியைத் தாங்க முடியவில்லை என்று இறைவனிடமே முறையிடுவதை அப்பதிகம் இழிவாகக் கருதவில்லை. பக்தி மரபில் வலியும் இறைவனோடு பேசுவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது. அதைத் தணிக்கவேண்டும் என்னும் வேட்கைக்கு அங்கே மறைந்து நிற்கும் தேவையில்லை.

பௌத்தமோ துறவிக்கே மருந்தை அனுமதித்தது. விநயபிடகத்தின் மகாவக்கத்தில் மருந்துகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. பிலிந்தவச்சர் என்னும் துறவி கைகால் வாதத்தால் வருந்தியபோது, வியர்வை வரச் செய்யும் வெப்பச் சிகிச்சையைப் புத்தர் அனுமதித்ததாக அப்பகுதி கூறுகிறது. அது போதாதபோது மூலிகைகளைக் கொண்டு வியர்ப்பித்தலும், அதற்கும் மேல் பெரும் வியர்ப்பித்தலும் படிப்படியாக அனுமதிக்கப்பட்டன. பின்னதைக் குழியில் தணலை நிரப்பி, மண்ணால் மூடி, இலைகளைப் பரப்பி அதன்மேல் நோயாளியைப் படுக்கவைக்கும் முறை என்று உரை விளக்குகிறது. ஆசையை அறுப்பதற்காகவே உருவான ஒரு சங்கத்தின் ஒழுக்க நூலில் ஒற்றடத்தின் வகைகள் இவ்வளவு பொறுமையோடு பதியப்பட்டிருப்பது, வலியைத் தணித்துக்கொள்வதைப் புத்தர் ஆசையின் கணக்கில் சேர்க்கவில்லை என்பதற்குப் போதிய சான்றாகும். அவர் எச்சரித்தது வேறொன்றை: சம்யுத்த நிகாயத்தின் சல்ல சூத்திரத்தில், பயிற்சியற்றவன் வலி என்னும் முதல் அம்பு பட்டதும் துயரம், புலம்பல் என்னும் இரண்டாம் அம்பையும் ஏற்கிறான் என்று அவர் கூறுகிறார்.

இரண்டு அம்புகளும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்பவையா என்பது ஐயத்துக்குரியதே. 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் வெளியிட்ட கோட்பாட்டின்படி, முதுகுத்தண்டில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. தொடுதல், தேய்த்தல் போன்ற பிற உணர்வுகளும் மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளைகளும் அதைத் திறக்கவோ மூடவோ செய்கின்றன. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கமும், வலி என்பது புலனுணர்வும் மன உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்றே 1979 முதல் வரையறுத்து வருகிறது. அச்சம் வலியைக் கூட்டுகிறது; அருகில் ஒருவர் இருந்து பரிவோடு ஒற்றடம் கொடுப்பது, உப்பின் சூட்டுக்கும் மேலாக அதைக் குறைக்கிறது. அப்படியாயின் வலியைத் தணிப்பதும் மனத்தை அமைதிப்படுத்துவதும் ஒரே வேலையின் இரு முனைகள் ஆகின்றன. மருந்தைப் பொறுமைக்குப் பகையாக நிறுத்தும் வாதம் இங்கே வலுவிழக்கிறது.

வினைக் கொள்கையை வைத்தும் ஓர் எதிர்ப்பு எழுவதுண்டு. பழவினையின் பயனாக வந்த துன்பத்தை அனுபவித்துத் தீர்க்கவேண்டுமே அன்றி மருந்தால் தடுக்கலாகாது என்பது அதன் சாரம். பழைய மருத்துவ நூலான சரக சம்ஹிதையின் விமானஸ்தானப் பகுதி இதற்கு அன்றே விடை சொல்லிவிட்டது: எல்லாம் ஊழின்படி முன்னரே முடிந்திருந்தால் மருந்துக்கும் மந்திரத்துக்கும் வேலையே இராது, ஊழும் முயற்சியும் சேர்ந்தே வாழ்வை அமைக்கின்றன. மருத்துவ நூல் மருத்துவத்துக்குச் சாதகமாகப் பேசுவதில் வியப்பில்லைதான். ஆனாலும் அவ்வாதத்தை மறுப்பது எளிதன்று.

உண்மையான எதிர்ப்பு காந்தியிடமிருந்து வருகிறது. மிதமிஞ்சி உண்டவன் அஜீரணத்துக்கு மருந்து வாங்கிக் குணமடைந்து மீண்டும் மிதமிஞ்சி உண்கிறான், மருந்து இல்லாதிருந்தால் அவன் தன்னடக்கத்தைக் கற்றிருப்பான் என்று 1909இல் எழுதிய ‘இந்து சுயராஜ்ய’த்தில் அவர் வாதிடுகிறார். ஈரமண் பட்டியையும் இடுப்புக் குளியலையும் விரும்பி மேற்கொண்ட அவர் மருத்துவம் அனைத்தையும் வெறுத்தவர் அல்லர். 1924இல் புனே சசூன் மருத்துவமனையில் குடல்வால் அறுவைக்கும் அவர் இசைந்தார். அஜீரணத்தைப் போலச் சுளுக்கு எந்தப் பிழைக்கும் தண்டனை அன்று என்பதால், அவர் வாதத்தை இங்கே முழுமையாகப் பொருத்துவது தவறு. ஆயினும் அதன் ஒரு பகுதி விளையாட்டுக் களத்தை நேராகச் சுட்டுகிறது. அடிபட்டவரின் கணுக்காலில் குளிர்த் தெளிப்பானைப் பீய்ச்சி, மரத்துப்போன காலோடு இரண்டே நிமிடங்களில் மீண்டும் ஆடவிடும் காட்சியைப் பெரிய போட்டிகளின் ஒளிபரப்பில் காணாதவர் அரிது. அங்கே தணிக்கப்படுவது வலி மட்டுமன்று. இனி அந்தக் காலில் எடையை ஊன்றாதே என்று உடல் அனுப்பும் எச்சரிக்கையும் சேர்ந்தே அணைக்கப்படுகிறது. ஆட்டம் முடிந்தபின் வீட்டில் பனிக்கட்டி வைத்துக்கொண்டு படுப்பவரும், ஆட்டத்தைத் தொடர்வதற்காக அதே குளிர்ச்சியை நாடுபவரும் செய்வது ஒரே செயலாகத் தோன்றினாலும், முன்னவர் தம் உடலுக்கு இரக்கம் காட்டுகிறார், பின்னவர் அதை ஏமாற்றுகிறார். வலியோடு ஆடியவரை வீரர் என்று கொண்டாடும் பயிற்சியாளரும் பார்வையாளரும் அந்த ஏமாற்றுக்குப் பங்காளிகள்; அதற்குப் பொறுமை என்று பெயரிடுவது திதிட்சையை இகழ்வதாகும்.

சிறு காயத்துக்குப் பனிக்கட்டியோ ஒற்றடமோ வைத்துக்கொள்வது, எந்தச் சமயத்தின் அளவுகோலாலும் இல்லறத்தாருக்கு இழுக்காகாது என்றே இதனால் கொள்ளவேண்டும். முதல் இரண்டு நாள்களில் வலிக்காகக் குளிர்ச்சியும், வீக்கம் வடிந்து விறைப்பு எஞ்சும்போது வெப்பமும், இடையே வலி விடும் அளவுக்கு மெல்லிய அசைவும் போதுமானவை. மீதி வேலையை உடலே பார்த்துக்கொள்ளும், அதற்கு வேண்டிய நாள்களைக் கொடுப்பதுதான் நோயாளியிடம் எதிர்பார்க்கப்படும் பொறுத்தல். வீட்டு மருத்துவத்துக்கும் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு: கணுக்காலின் இருபுறமும் புடைத்து நிற்கும் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிப்பவருக்கும், அடிபட்டவுடனும் மருத்துவரிடம் வந்தபின்னும் நான்கு அடி எடுத்து வைக்க இயலாதவருக்கும் எலும்பு முறிந்திருக்கலாம் எனக் கருதி எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்று கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வகுத்த விதி இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது.